பதினொன்றே முக்காலுக்குக் கூடத்தில் யாரும் இல்லை

மனுநாள் அன்று காலை பதினொன்றே முக்காலுக்கு, எங்கள் வட்டார அலுவலகக் கூடத்தில் முண்டியடித்துக்கொண்டிருந்த முந்நூறு பேரை, ஒரு மேஜையைக்கூட நகர்த்தாமல், ஒருவரையும் அதட்டாமல், வலது கைக் கட்டைவிரலால் மட்டும் காணாமல் அடித்தவன் நான். முந்நூறு பேரில் ஒருவருக்கும் வலிக்கவில்லை. காணாமல் போன விஷயமே அவர்களுக்கு அடுத்த வாரம்தான் தெரிந்தது.

என் மனைவி இதைப் படித்தால், "முந்நூறு இல்ல, அறுவது" என்பாள். அவளுக்கு எதையும் தாராளமாகச் சொல்ல வராது. சரி, அறுபது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரே ஒருத்தரையாவது காணாமல் அடித்திருக்கிறீர்களா?

நான் மந்திரவாதி இல்லை. முப்பத்தாறு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவன். இந்த ஊரில் என் கை படாத லிஃப்ட் கிடையாது. என்னைத் திட்டாத ஐந்தாவது மாடிக்காரரும் கிடையாது. ஓய்வு பெற்ற அன்று எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். இனிமேல் எனக்கு மணி எதற்கு? மறுநாளே அதைப் பழைய சாமான் கடையில் கொடுத்துவிட்டு, ஒரு ஃபிலிம் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். கூடவே படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு பழைய என்லார்ஜர், மூன்று தட்டுகள், ஒரு சிவப்பு பல்பு. எல்லாம் எங்கள் குளியலறைக்குள் குடியேறின. மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. படம் கழுவ அமைதி தேவைப்பட்டதால் நானும் கண்டுகொள்ளவில்லை.

தினமும் நடக்கச் சொல்லி மருத்துவர் உத்தரவு. வெறுங்கையோடு நடக்கச் சொல்லவில்லையே. காலை ஒன்பது மணிக்குக் கேமராவை மாட்டிக்கொண்டு மேல்தெருவில் கிளம்புவேன். பல் மருத்துவர் வாசலில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர், சலவைக் கடை ஜன்னலில் எழும்பும் ஆவி, தன் நிழலைப் பார்த்தே குரைக்கும் நாய் என்று ஒரு நடைக்கு ஆறு படம். அதற்கு மேல் எடுப்பதில்லை என்பது என் சட்டம். கறுப்பு வெள்ளை ஃபிலிம்தான். சிவப்புத் தபால் பெட்டியும் பச்சை ஷட்டரும் என் படத்தில் ஒரே சாம்பல் நிறமாகி, சண்டை சச்சரவு இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

மேல்தெருவிலிருந்து கீழ்த்தெருவுக்குப் போக ஒரு படிவழி உண்டு. தொண்ணூற்று நாலு படி, மேலே தகரக் கூரை. வாழ்நாள் முழுக்க ஜனங்களைப் படி ஏறவிடாமல் பார்த்துக்கொண்டவனுக்கு வயதான காலத்தில் தொண்ணூற்று நாலு படி மேல் பாசம் வந்ததை மச்சான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அவரிடம் பிறகு வருகிறேன்.

படிவழியின் நடுவில், நாற்பத்தேழாவது படியில் லேசான ஒரு திருப்பம், மேலே நின்றால் கடைசிப் படி வரை தெரியும். அந்தத் திருப்பத்தில்தான் சாவிக்காரம்மாவின் பெட்டிக்கடை. ஆள் உட்கார ஒரு ஸ்டூல், சாவி வெட்டும் மெஷின், கொக்கி கொக்கியாக வெறும் சாவிகள். கடைத்தெருவில் எவ்வளவோ இடம் இருக்க, இங்கே ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"கீழ இருந்து ஏறி வர்றவன் இங்க வந்துதான் சார் மூச்சு வாங்குவான். மூச்சு வாங்க நின்னா பாக்கெட்டைத் தடவுவான். தடவினா சாவி ஞாபகம் வரும். நான் ஒண்ணும் கூவி விக்க வேண்டியதில்ல."

பத்தொன்பது வருடமாக அப்படித்தான் பிழைப்பு நடந்தது. ஒரு நாள் காலை அவள் கடைக்குப் பக்கத்துத் தூணில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பயன்பாடு இல்லாத காரணத்தால் படிவழி மூடப்படுகிறது, இடம் பக்கத்திலுள்ள வாகன நிறுத்தத்தோடு சேர்க்கப்படும், ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், மாற்றம் செய்யக்கூடியவை என்பதால் கைபேசிப் படங்கள் ஏற்கப்படா. அதன் கீழே ஆதாரமாக ஒரு படம். படியில் ஒரு ஈ காக்கை இல்லை. அந்தப் படமும் கைபேசியில் எடுத்ததுதான், அது வேறு விஷயம்.

"லீவு நாள் விடியக்காலைல வந்து எடுத்திருக்காங்க. நானே வராத நேரம்" என்றாள் சாவிக்காரம்மா. "இந்த மெஷினைத் தூக்கிட்டு நான் எங்க போறது, லிஃப்ட்டு சார்? சமதரையில எவனுக்கு மூச்சு வாங்கும்?"

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அவளுக்குப் பிழைப்பே போகிற நேரத்தில் நான் உற்சாகப்பட்டது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கைபேசி கூடாது என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கிறது. இந்த வட்டாரத்தில் ஃபிலிம் கேமரா வைத்திருக்கும் ஒரே மனிதனை அழைப்பிதழ் வைத்துக் கூப்பிட்ட மாதிரி இல்லையா?

"கவலைய விடுங்கம்மா. நாளைக்கு இந்தப் படியில போற வர்ற அத்தனை பேரையும் ஃபிலிம்ல புடிச்சுக் குடுக்கறேன். அவங்க கோப்பு தாங்காது" என்றேன்.

மறுநாள் மேல்முனையில் டிரைபாட்டை நிறுத்தினேன். ஆறு படச் சட்டத்தை அன்று ரத்து செய்தேன். தொண்ணூற்று நாலு படியும், முதல் படியிலிருந்து கடைசிப் படி வரை, விளிம்பு விளிம்பாகத் துல்லியமாக விழ வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. அதற்கு லென்ஸின் துளையை ஊசிமுனை அளவுக்குச் சுருக்க வேண்டும். ஃபிலிமோ மந்தமான ஃபிலிம், கூரைக்கடியில் வெளிச்சமோ குறைவு. எனவே ஒரு படத்துக்கு மூன்று நிமிடம் ஷட்டரைத் திறந்து வைத்தேன். அதற்கென்று ஒரு கம்பி உண்டு, அதன் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஊரே ஏறி இறங்கியது. பள்ளிக்கூடத்து டீச்சர், மெத்தையைத் தலையில் சுமந்தபடி இரண்டு பேர், பல் மருத்துவரிடம் போகிறவர்கள், போய்விட்டு வருகிறவர்கள். தபால்காரர் என்னைப் பார்த்ததும் நின்று, சட்டையை இழுத்துவிட்டு, இருக்கிற பல்லையெல்லாம் காட்டினார். பத்தாயிரம் பேர் இருக்கும் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அதனால் ஒன்பதாயிரம் என்கிறேன்.

அன்று மதியம் குளியலறைக் கதவின் இடுக்கை எல்லாம் கறுப்புத் துணியால் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஃபிலிமைக் கழுவிக் காயவைத்து, முதல் தாளில் வெளிச்சம் காட்டி, தட்டில் போட்டேன். தகரக் கூரை வந்தது. படிகள் வந்தன, கத்தியால் கீறிய மாதிரி. கைப்பிடிக் கம்பி வந்தது. காத்திருந்தேன்.

மனைவி கதவைத் தட்டினாள். "ஏங்க, இன்னும் எவ்வளவு நேரம்?"

"ஆள் வரணும்."

"யாரு வரணும்?"

"தபால்காரர்."

"பாத்ரூமுக்குள்ளயா?"

அவர் வரவில்லை. டீச்சர் வரவில்லை. மெத்தை வரவில்லை. இருபது படம் எடுத்தேன். இருபதிலும் தொண்ணூற்று நாலு படி, கழுவித் துடைத்த மாதிரி, வெறிச்சென்று. எண்பதாவது படியில் தூங்கிக்கொண்டிருந்த பூனை மட்டும் மீசை முடி உட்பட அச்சு அசலாக இருந்தது.

புத்தகத்தில் படித்த பாடம்தான். மூன்று நிமிடம் திறந்திருக்கும் கண்ணில், மூன்று விநாடி கடந்து போகிறவன் பதிவதில்லை. அசையாமல் இருப்பது மட்டும்தான் விழும். இது எனக்குத் தெரியும். ஆனால் லிஃப்ட்காரன் புத்தி எங்கே போகும்? முப்பத்தாறு வருடம் எனக்கு ஆள் என்றால் எடை. ஆறு பேர், நானூற்றெட்டு கிலோ, முடிந்தது கதை. கட்டடம் நேராக இருக்கிறதா என்றுதான் கண் போகும். படிகளைப் பார்த்தேன், படியில் வந்தவர்களை விட்டுவிட்டேன்.

மறுநாள் திருப்பத்தில் வைத்துப் படங்களைக் காட்டினேன். மச்சானும் கூட வந்திருந்தார். அவர் நில அளவைத் துறையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். முத்திரை குத்தியிருந்தால் கொட்டுகிற மழையையும் வெயில் என்று ஒப்புக்கொள்வார். முத்திரை இல்லாவிட்டால் தன் நிழலைக்கூட நம்ப மாட்டார். நாற்பது வருடமாக நான் சொன்ன ஒன்றையும் நம்பியதில்லை. பாதி விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் உண்டு.

சாவிக்காரம்மா தன் கடை இருந்த படத்தைக் கையில் எடுத்தாள். ஸ்டூல் மேல் புகை மாதிரி ஏதோ இருந்தது.

"இது யாரு சார்?"

"நீங்கதான். அரத்தால தேய்ச்சுக்கிட்டே இருந்தீங்கல்ல, ஆடிட்டீங்க."

"அவங்க எடத்தைத்தான் மூடறாங்க. நீங்க என்னையே பொசுக்கிட்டீங்களே."

மச்சான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மாப்ளே, அவங்க தரப்புல ஒரு படம்தான் இருந்தது. நீங்க இன்னும் இருபது சேத்துக் குடுத்துட்டீங்க. சம்பளம் கேளுங்க."

"எடுக்கும்போது ஆள் இருந்தாங்க மச்சான். ஒன்பதாயிரம் பேரு."

"ஆள் இருந்தா படத்துல விழும். கதை வுடாதீங்க. விடியறதுக்குள்ள வந்து எடுத்திருப்பீங்க, அப்பறம் வீம்புக்கு இந்த விளக்கம்."

சாவிக்காரம்மா மேல்வரிசைக் கொக்கிகளிலிருந்து சாவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு டப்பாவில் போட ஆரம்பித்தாள். டக், டக் என்று விழுகிற சத்தம். நான் கேட்டதற்கு, "கடைசி நாள் அவசரத்துல அள்ளினா கலந்துடும் சார், இப்பவே பிரிச்சு வெச்சுக்கறேன்" என்றாள்.

மச்சான் சிரித்ததைக்கூட மன்னித்திருப்பேன். அந்த டக் டக்தான் என்னைச் சீண்டிவிட்டது. ஒரு வெறும் படத்தை வைத்து ஒருத்தியின் இடத்தை வெறுமையாக்க முடியும் என்றால், அதே ஆயுதம் என்னிடமும் இருக்கிறது. இருபது முறை ஒத்திகை வேறு பார்த்தாகிவிட்டது.

"கழட்டினதை மாட்டுங்கம்மா. எனக்குப் பூனை ஒரு யோசனை சொல்லியிருக்கு" என்றேன்.

வியாழக்கிழமை மனுநாள். நடையை வட்டார அலுவலகத்துப் பக்கம் திருப்பினேன். அந்தக் கட்டடத்து லிஃப்டை இருபது வருடம் பார்த்தவன் என்பதால் வாசல் காவலர் என்னைக் கண்டதும் எழுந்தார்.

"என்ன சார், மறுபடி மாட்டிக்கிச்சா?"

"இல்ல, மாட்டுமான்னு பாக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு, கூடத்தின் பின்சுவரோரம் டிரைபாட்டை நிறுத்தினேன்.

அந்தக் கூடத்தில் பொதுஜனம் உட்கார ஒரு நாற்காலி கிடையாது. ஆறு ஜன்னல்கள். மூன்றாவதில் கேட்டால் ஐந்துக்குப் போ என்பார்கள், ஐந்தில் கேட்டால் மூன்றில் கையெழுத்து வாங்கி வா என்பார்கள். எல்லோரும் ஓடிக்கொண்டே இருப்பார்கள், நிற்கிறவர்களும் கால் மாற்றி மாற்றி நிற்பார்கள். என் வேலைக்கு இதைவிடத் தோதான கூட்டம் உலகத்தில் கிடைக்காது. கோடியில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், படிவழியை மூடப்போகும் அலுவலர் உட்கார்ந்திருந்தார். மேலே கடிகாரம், அதன் கீழே தேதிப் பலகை. வெளிச்சத்தை மட்டுப்படுத்த லென்ஸுக்கு முன்னால் என் பழைய கறுப்பு வெல்டிங் கண்ணாடியைக் கட்டி, எட்டு நிமிடம் கட்டைவிரலை எடுக்காமல் நின்றேன். இரண்டு பேர் என்னிடமே வந்து, பிறப்புச் சான்று இங்கே கொடுப்பதா என்று கேட்டார்கள். ஐந்தாவது ஜன்னல் என்றேன்.

மதியம் தட்டில் அந்தப் படம் எழுந்து வந்தபோது குளியலறையில் நான் ஆடிய ஆட்டத்தில் சோப்பு டப்பா உடைந்தது. கூடம் காலி. கண்ணாடி மாதிரித் தரை, அதன் மேல் லேசாகப் பனி படர்ந்தது போல ஒரு மங்கல், அவ்வளவுதான். ஆறு ஜன்னலுக்கு முன்னாலும் சூனியம். அத்தனை பெரிய கூடத்தில் எட்டு நிமிடம் அசையாமல் இருந்த ஒரே ஜீவன், சட்டைப் பித்தானை எண்ணும் அளவுக்குத் தெளிவாக விழுந்திருந்தது. அலுவலர். கன்னத்தில் கை. கண் மூடியிருந்தது.

மச்சானிடம்தான் முதலில் காட்டினேன்.

"ஞாயித்துக்கிழமை போயிருப்பீங்க. காவலர் உங்க ஆளு" என்றார் உடனே.

"ஞாயித்துக்கிழமை அலுவலர் எதுக்கு வர்றாரு? தேதிப் பலகையைப் பாருங்க, வியாழன். கடிகாரத்தைப் பாருங்க."

"கடிகாரம் நின்னு போயிருக்கும்."

"நின்ன கடிகாரத்துல நிமிஷ முள்ளு ஏன் விசிறி மாதிரி விரிஞ்சிருக்கு?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். மனைவி குறுக்கே புகுந்தாள். "அண்ணா, அன்னிக்கு நீயே அங்கதானே போயிருந்த? உயிரோட இருக்கேன்னு சான்று வாங்க?"

மச்சான் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்கே அது புதுச் செய்தி. கட்டைவிரலில் கவனமாக இருந்தவன் கூட்டத்தில் இவரைப் பார்க்கவில்லை.

"எத்தனை மணிக்கு மச்சான்?"

"பதினொண்ணரைல இருந்து பன்னெண்டரை வரைக்கும்" என்றார், மெதுவாக.

"எந்த ஜன்னல்?"

"மூணு. அப்பறம் அஞ்சு. மறுபடி மூணு."

"இதுல எங்க இருக்கீங்க?"

படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உயிரோடு இருக்கிறார் என்று அரசாங்கம் முத்திரை குத்திக்கொண்டிருந்த அதே நேரத்தில், அதே கூடத்தில், மனிதர் இல்லவே இல்லை.

"ஏதோ பண்ணியிருக்கீங்க" என்றார் கடைசியில். "என்னன்னு எனக்குத் தெரியல. ஆனா ஒத்துக்க மாட்டேன். ஆள் இருந்தா படத்துல விழணும், அவ்வளவுதான்." காப்பியைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார்.

அடுத்த வியாழன் விசாரணை. கெடுவின் கடைசி நாள். சாவிக்காரம்மா கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். நான், மனைவி, எங்களுக்குப் பின்னால் வாசல் நிறைய மனுநாள் கூட்டம். அலுவலர் அறைக்குள் போனால், அவருக்குப் பக்கத்து நாற்காலியில் மச்சான். அலுவலர் ஒரு காலத்தில் மச்சானின் கீழ் வேலை பார்த்தவராம். மரியாதைக்காகக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார். மச்சான் என்னைப் பார்க்காமல் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அலுவலர் கோப்பைத் திறந்தார். "படம் இருக்கு. படத்துல ஆள் இல்ல. வேற என்னம்மா சொல்லணும்?"

"ஐயா, நான் இருக்கேனே" என்றாள் சாவிக்காரம்மா.

"நீங்க கடை. நான் வழிப்போக்கரைக் கேக்கறேன்."

நான் என் படத்தை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"இது என்ன, எந்த ஆஃபீஸ்? ஆளே இல்லாம கெடக்கு" என்றார் அலுவலர்.

"உங்களுதுதாங்க. போன வியாழன், பதினொண்ணே முக்கால். படம் இருக்கு, படத்துல ஆள் இல்ல. பயன்பாடு இல்லாத கூடம். இதையும் மூடிட்டா இன்னும் நாப்பது கார் நிறுத்தலாம்."

வாசலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் கை நீட்டிப் படத்தை வாங்கினார். அது கை மாறி மாறிப் போயிற்று.

"போன வியாழன் நான் இங்கதான நின்னேன்? இந்தத் தூணுகிட்ட, முழங்கால் வலியோட ரெண்டு மணி நேரம்."

"நானும்தான். நாலாவது ஜன்னல். எங்க காணோம்?"

"உன்னை எப்பவாவது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கா, படத்துல தெரியறதுக்கு?"

"எல்லாரும் போயிட்டோம், ஐயா மட்டும் இருக்காரு பாரு" என்றாள் கைக்குழந்தைக்காரி ஒருத்தி. "பாவம், தூங்கறாரு."

சிரிப்பு கூடத்தின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தது. அலுவலர் படத்தைப் பிடுங்கிக்கொண்டார். "நான் யோசிச்சிட்டிருந்தேன்" என்றார். பிறகு குரலை உயர்த்தினார். "இது மோசடி. ஆளையெல்லாம் அழிச்சிருக்கீங்க."

"ஃபிலிமுங்க. இந்தாங்க நெகட்டிவ், வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க, ஒரு கீறல் இருந்தா நான் இப்படியே போயிடறேன். மாத்த முடியாத ஆதாரம் வேணும்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. ஷட்டரை எட்டு நிமிஷம் தொறந்து வெச்சேன், நடமாடின முந்நூறு பேரும் பதியல. வேற ஒண்ணும் பண்ணல. படத்துல இல்லைங்கறதுனால ஆள் இல்லைன்னு ஆகாது. இந்தக் கூடத்துக்கும் ஆகாது, அந்தப் படிக்கும் ஆகாது."

அலுவலர் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோபத்தில் காது சிவந்திருந்தது, ஆனால் ஆள் கெட்டிக்காரர். மச்சான் பக்கம் திரும்பினார்.

"சார், இவர் உங்க வீட்டு மாப்பிள்ளை. இவர் பேச்சு எப்படின்னு நீங்களே எத்தனையோ தடவை சொல்லியிருக்கீங்க. நான் வேற யாரையும் கேக்கல. அன்னிக்கு அந்த நேரத்துல இங்க கூட்டம் இருந்தது, இவர் படம் எடுத்தாருன்னு நீங்க வாயால சொல்லுங்க. இந்தப் படிக்கட்டுப் படத்தைக் கோப்புல இருந்து கிழிச்சுப் போட்டுட்டு, மூடற உத்தரவை இப்பவே ரத்து பண்றேன். இல்லைன்னா உத்தரவுல கையெழுத்துப் போடறேன்."

பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தார். தன் பழைய அதிகாரியை அவருக்கு நன்றாகத் தெரியும். தாளில் இருப்பதற்கு எதிராக மச்சான் ஒரு சொல் சொல்லி யாரும் கேட்டதில்லை. எனக்கும் அது தெரியும். சாவிக்காரம்மா முந்தானை நுனியைக்கூடத் திருகவில்லை, மச்சானின் முகத்தை மட்டும் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் மனைவி, "அண்ணா" என்றாள்.

மச்சான் படத்தை எடுத்தார். மூன்றாவது ஜன்னலுக்கு முன்னால் இருந்த வெறும் தரையில் விரலை வைத்தார். அங்கிருந்து ஐந்தாவது ஜன்னல் வரைக்கும் விரலை இழுத்தார். மறுபடி மூன்றுக்குக் கொண்டு வந்தார். அப்படி நாலு முறை.

"இவர் சொல்ற முந்நூறு பொய்" என்றார். "அறுவது பேர் இருந்தோம். நான் இங்க நடந்துக்கிட்டிருந்தேன். பின்னால செவுத்தோரம் ஒருத்தர் ஏதோ கறுப்புக் கண்ணாடியைக் கட்டிக்கிட்டு நின்னாரு, யாரோ பைத்தியம்னு நெனச்சேன், என் மாப்பிள்ளைன்னு பாக்கல."

படத்தை மேஜையில் வைத்துவிட்டு, நாற்காலியை விட்டு எழுந்து, எங்கள் பக்கம் வந்து நின்றுகொண்டார்.

"எல்லாரும் இருந்தோம், ஒருத்தரும் விழல. நடந்தது தம்பி. எழுதிக்கோ."